மார்ச்சா, ஆகஸ்டா

எங்கள் கல்யாணத்தின் எடை நாலே கால் பவுண்டு. பிப்ரவரி 25 ராத்திரி எல்லாத் தாளையும் அடுக்கி முடித்தபிறகு, அவள் ஃபைலோடு ஒருமுறை, ஃபைல் இல்லாமல் ஒருமுறை எடை மெஷினில் ஏறி நின்று கழித்துப் பார்த்துச் சொன்னாள். “ரெண்டு வருஷத்துக்கு இது கம்மிதான். அப்பா அம்மாவோடது எவ்ளோ இருக்கும்னு நினைக்கிற?” என்று வேறு கேட்டாள். மாமா அத்தை கல்யாணத்துக்கு ஒரே ஒரு கருப்பு வெள்ளை போட்டோதான் இருக்கிறது. அதிலும் பாதி கரையான் தின்றது.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ. அமெரிக்கக் குடிமகளைக் கட்டிக்கொண்டவன் என்ற வகையில் மனுப் போட்டிருந்தேன். கல்யாணம் நிஜமானதுதான், கார்டுக்காக ஜோடித்ததில்லை என்று ஓர் அதிகாரி நேரில் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். அதற்குத்தான் நாலே கால் பவுண்டு. இரண்டு பேர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, கார் இன்சூரன்ஸ், என் ஆயுள் காப்பீட்டில் அவள் பெயர், அறுபது போட்டோ, கல்யாணப் பத்திரிகை, பத்திரிகையின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இல்லாத எந்தத் தாளாக இருந்தாலும் முழு மொழிபெயர்ப்பும், ‘எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது சரியானது’ என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்றும் வேண்டும். நண்பன் ஒருவன் ஒத்துக்கொண்டான். ‘நிகழும் மங்களகரமான சோபகிருது வருடம் ஆவணி மாதம்’ என்ற முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணினான். “டேய், சோபகிருதுன்னா 2023னு போட்டுறவா? தங்கள் நல்வரவை விரும்பும்னு பதினாலு பேர் இருக்காங்க, பதினாலு பேரையும் எழுதணுமா?” எழுதணும் என்றேன். பெரியப்பாவை விட்டுவிட்டால் அமெரிக்க அரசாங்கம் கண்டுகொள்ளாது. ஆனால் பெரியப்பாவுக்கு எப்படியாவது தெரிந்துவிடும்.

முதலில் இந்த மனுவை நான் ஏன் ஒரு வருஷம் போடாமல் இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

2014இல் எம்.எஸ். படிக்க வந்தேன். அப்புறம் எச்-1பி வேலை விசா. கம்பெனி எனக்காகப் போட்ட மனு 2021இல் ஏற்கப்பட்டு வரிசையில் நிற்கிறது. வரிசை என்றால் என்ன வரிசை! வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது கணக்கு. இந்தியாவில் பிறந்தவர்கள் கூட்டம் அதிகம். 2024 தொடக்கத்தில் என் பிரிவில் 2012இல் மனுப் போட்டவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குடிமக்களின் கணவன் மனைவிக்கு இந்த வரிசையே இல்லை, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை. சட்டத்தின் பார்வையில் நான் ஒரு தாலி கட்டி, எனக்கு முன்னால் நின்ற லட்சக்கணக்கான பேரைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதைக் கோவில்பட்டியில் என் சித்தப்பா பந்தியில் வைத்தே சொல்லிவிட்டார். “இனி அவனுக்கென்ன, கார்டு வீட்டுக்குள்ளயே வந்துட்டுல்லா.” சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நியூ ஜெர்சி திரும்பியதும் அவளிடம், “நான் என் வரிசையிலேயே வந்துக்கிறேன்” என்றேன். “பன்னெண்டு வருஷ வரிசைல நின்னு என்ன ப்ரூவ் பண்ணப் போற, யார்கிட்ட?” என்றாள். பதில் இல்லை. பதில் இல்லாததாலேயே பிடிவாதம் கூடியது.

இதில் ஒரு கூத்து உண்டு. காகிதத்துக்காக முதலில் கல்யாணம் செய்துகொண்டது நானில்லை, அவள்.

இருவரும் முதலில் பார்த்துக்கொண்டது பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரா கோயில் கேன்டீனில். சாமியைவிடத் தோசைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும் இடம். எனக்கு முன்னால் நின்றவள் கடைசிப் புளியோதரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கதையை இங்கே நீட்டவில்லை. இரண்டு வீட்டிலும் பேசி 2023 ஆவணியில் ஊரில் கல்யாணம் என்று முடிவானது. அதற்குள் அவள் வேலையை விட்டுவிட்டு பிசியோதெரபி படிக்கச் சேர்ந்தாள். வேலை போனதும் மருத்துவக் காப்பீடும் போனது. பெற்றோர் காப்பீட்டில் தொற்றிக்கொள்ளும் வயது 26, அவளுக்கு 29. “என் கம்பெனி இன்சூரன்ஸ்ல உன்னைச் சேர்த்துடலாம். ஆனா மனைவியா இருக்கணும்” என்றேன். “அப்ப ஆகிடலாம்” என்றாள். ஒரு கேலன் பால் வாங்கிவா என்பது மாதிரி.

நியூ ஜெர்சியில் கல்யாண லைசென்சுக்கு 28 டாலர். மனுக் கொடுத்து 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். 2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை, நகராட்சிக் கட்டடத்தில் மேயர் நடத்திவைத்தார். அன்றைக்கு செயின்ட் பேட்ரிக் நாள், பச்சை உடுத்திக் கொண்டாடும் அயர்லாந்துக்காரர் பண்டிகை. மேயர் கிளிப்பச்சை டை கட்டியிருந்தார், அலுவலக அம்மா தலையில் பச்சை நாடா. ஆறு நிமிஷம். முடிந்ததும் அவளுக்கு வகுப்பு, எனக்கு மீட்டிங். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை அது எல்.ஐ.சி. பாலிசி போட்ட மாதிரி ஒரு விஷயம், கல்யாணம் ஆவணியில்தான்.

ஆக எங்களுக்கு இரண்டு கல்யாண நாள். இது பிற்பாடு வம்பாகும் என்று அப்போது தோன்றவில்லை.

என் வறட்டு கௌரவம் உடைந்தது 2024 பிப்ரவரியில். பதினோரு நிமிஷ வீடியோ அழைப்பில் எங்கள் டீம் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எச்-1பிக்காரனுக்கு வேலை போனால் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி மனுப் போட வேண்டும், அல்லது பெட்டி கட்ட வேண்டும். எனக்கு 52ஆம் நாள் வேலை கிடைத்தது. அந்த 52 நாளும் அவள் கிரீன் கார்டு என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆர்டர் கையில் வந்த அன்றைக்கு மட்டும் சாப்பாட்டு மேஜையில் ஒரு வக்கீலின் விசிட்டிங் கார்டு இருந்தது, உப்பு டப்பாவுக்கு அடியில்.

2024 மே மாதம் அனுப்பினோம். அவள் எனக்காகப் போடும் ஐ-130 மனுவுக்கு 675 டாலர், நான் போடும் கிரீன் கார்டு மனுவான ஐ-485க்கு 1,440, வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630. மொத்தம் 3,005. ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்துதான் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். ஒரு வருஷம் வீம்பு பிடித்ததற்கு அபராதம் என்று அவள் வசதியாகக் கணக்கெழுதிக்கொண்டாள். வக்கீல் கூலி தனி. மருத்துவப் பரிசோதனை தனி: அதில் என் தோளில் இருந்த பி.சி.ஜி. தழும்பைப் பார்த்துவிட்டு டாக்டர், “இது இந்தியாவா, பிலிப்பைன்ஸா?” என்று கேட்டார். ரத்தத்தில் காசநோய்ச் சோதனை, நாலு தடுப்பூசி, ஒட்டி முத்திரை வைத்த கவர்.

பிறப்புச் சான்றிதழ் ஒரு தலைவலி. என்னுடையதில் ஆண் குழந்தை, தேதி, அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை. பிறந்த வாரத்தில் பதிந்ததோடு சரி, பெயர் வைத்தபிறகு யாரும் நகராட்சிப் பக்கம் போகவில்லை. பெயர் சேர்ப்பதற்கான கெடுவை அரசாங்கம் நீட்டி நீட்டிக் கொடுத்திருந்ததால் தப்பித்தேன். அப்பா என் பள்ளி டி.சி.யை எடுத்துக்கொண்டு மூன்று முறை அலைந்து வாங்கி அனுப்பினார். பிறந்து முப்பத்திரண்டு வருஷம் கழித்து எனக்குப் பெயர் வைத்தார் என்று சொல்லலாம்.

ஆனால் இந்தப் படலத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது ஐ-864. வருகிறவன் அரசாங்க உதவியில் விழாமல் இருக்க, அவனைத் தாங்கிக்கொள்வேன் என்று ஸ்பான்சர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி. இரண்டு பேர் வீட்டுக்கு 2024 கணக்கில் 25,550 டாலர் ஆண்டு வருமானம் காட்ட வேண்டும். அவள் மாணவி, வருமானம் பூஜ்யம். என் சம்பளத்தையே காட்ட வழி உண்டு. வேலை மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லையே, எதற்கு வம்பு என்று வக்கீல் சொன்னதால் மாமாவைக் கூட்டு ஸ்பான்சராகக் கேட்க வேண்டியதாயிற்று. மாமனாரிடம் போய், ‘நான் சோத்துக்கு இல்லாமல் போனால் நீங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்பது எப்படி இருக்கும்? பெண் கேட்கப் போனபோதுகூட நான் அவ்வளவு வியர்க்கவில்லை.

மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விதிமுறைப் பக்கம் முழுவதையும் வரி வரியாகப் படித்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மாயவரத்திலிருந்து வந்தவர், எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். நடுவில் நிமிர்ந்து, “மாப்ள, இத கேளுங்க. டைவர்ஸ் ஆனாலும் இந்தப் பொறுப்பு தீராதாம்” என்றார். அத்தை அடுப்படியிலிருந்து, “என்ன பேச்சு இது, விளக்கு வைக்கிற நேரத்துல” என்றார்கள். மாமா விடவில்லை. “நீங்க சிட்டிசன் ஆகணும், இல்ல மூணு மாசம் ஒரு குவார்ட்டர்னு நாற்பது குவார்ட்டர் வேலை பார்த்திருக்கணும். அதுவரைக்கும் நான் மாட்னேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நம்ம ஊர் குவார்ட்டர் இல்ல மாப்ள. அதுன்னா சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றார். மாமா என்னிடம் அடித்த முதல் ஜோக் அது. கையெழுத்துப் போட்டார். மூன்று வருஷ வரிக்கணக்கைத் தானே நகலெடுத்து, மூலையில் கிளிப் போட்டுத் தந்தார். சித்தப்பா சொன்ன சொல் அன்றைக்குத்தான் கொஞ்சம் கரைந்தது.

கைரேகை ஜூனில். வேலை அனுமதி ஆகஸ்டில். அப்புறம் மாதக்கணக்கில் சத்தமே இல்லை. ஜனவரிக் கடைசியில் இன்டர்வியூ கடிதம்.

இனி பிப்ரவரி 26. ஏழரைக்கே போய் எதிரிலிருந்த பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரே வேட்டி சட்டை போட்டோவைத் திரும்பத் திரும்ப முன்னால் வைத்து அடுக்க, அவள் பிடுங்கிப் பின்னால் வைத்தாள். “என் அம்மா அப்பா பிறந்த தேதி சொல்லு” என்றேன். சொன்னாள். “நான் எந்தப் பக்கம் படுப்பேன்?” என்றேன். “இப்படியே கேட்டுட்டு இருந்தா ஹால்ல படுப்ப” என்றாள்.

உள்ளே பெல்ட், ஷூ, போன் எல்லாம் தட்டில். காத்திருப்பு அறையில் பத்துப் பன்னிரண்டு ஜோடி. எல்லோர் மடியிலும் தடித்த ஃபைல். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு ஜோடியைப் பார்த்து எல்லோருக்கும் பொறாமை என்றுதான் நினைக்கிறேன், அதைவிடப் பெரிய ஆதாரம் வேறென்ன. ஒன்பதரைக்குக் கதவைத் திறந்து ஒரு பெண்மணி என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இந்த நாட்டில் எல்லா அரசாங்க வேலையும் என் அப்பா பெயரில்தான் நடக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டதன் பலன். அப்பா விமானத்தில்கூட ஏறியதில்லை. இங்கே அவர் பெயரில் லைப்ரரி கார்டு இருக்கிறது.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். சிரிப்பும் இல்லை, கடுப்பும் இல்லை. நின்றபடியே வலது கையைத் தூக்கி உண்மையே சொல்வோம் என்று உறுதி எடுத்தோம். உட்கார்ந்ததும் அவளிடம், “கணவர் பெயரை எடுத்துக்கொள்ளவில்லையா?” என்று கேட்டார். “அது அவர் பெயர் இல்லை, அவருடைய அப்பா பெயர். நான் ஏன் மாமனார் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும்?” என்றாள். அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்து, எதையோ எழுதிக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கேள்வி. மிகச் சாதாரணமாக, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே: “உங்களுக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று?”

“மார்ச்” என்றேன் நான்.

“ஆகஸ்ட்” என்றாள் அவள்.

ஒரே நேரத்தில்.

அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். சந்தேகம் வலுத்தால் கணவன் மனைவியைத் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்வியைக் கேட்டு ஒப்பிடுவார்கள் என்று நான் நூறு இடத்தில் படித்திருந்தேன். போலிக் கல்யாணத்துக்கு ஐந்து வருஷம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்பது மனுவோடு சேர்ந்து படித்த பாடம். என் காதுக்குள் சித்தப்பா சாம்பார் கேட்டார். அவள்தான் சுதாரித்தாள். மார்ச்சில் பதிவு, ஆகஸ்டில் ஊரில் கல்யாணம், ஆகஸ்டில்தான் தாலி என்றாள். சட்டப்படி எது என்று அவர் கேட்டார். மார்ச் 17 என்றோம், இந்த முறை ஒரே குரலில். ‘அப்படியென்றால் ஏன் ஆகஸ்ட் என்றாய்’ என்பது போலப் பார்த்தார். “மார்ச்சில் ஆறு நிமிஷம்தான் ஆயிற்று. ஆகஸ்டில் மூன்று நாள். என் காலில் மருதாணி போய்விட்டதா என்று இவர் பாட்டி தினமும் பார்த்தார்” என்றாள். எப்போது கல்யாணம் ஆனது என்பதற்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆனால் மனுவில் அந்தக் கட்டம் ஒன்றுதான், மார்ச்சுக்கு மட்டும்தான் இடம்.

அதற்கப்புறம் மனுவில் உள்ள ஆம் இல்லைக் கேள்விகள். இனப்படுகொலையில் ஈடுபட்டதுண்டா, யாரையாவது சித்திரவதை செய்ததுண்டா, ஆயுதப் பயிற்சி எடுத்ததுண்டா. இல்லை, இல்லை, இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராகவோ வேறு எந்த விதத்திலாவது தொடர்பிலோ இருந்ததுண்டா என்று வந்தபோது மட்டும் அரை நொடி நின்றேன். கோவில்பட்டிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! கதிர் அரிவாளைப் பலமுறை சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி. எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தச் சின்னம் வரைவார்கள், வெள்ளையடிக்கிற செலவு மிச்சம் என்று அப்பா விட்டுவிடுவார். ‘எந்த விதத்திலாவது’ என்றால் சுவரும் சேர்த்தியா என்று வக்கீலிடம் முன்பே கேட்டிருந்தேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். “இல்லை” என்றேன்.

போட்டோக்களைப் புரட்டினார். எங்கள் ஊர்க் கல்யாணப் போட்டோக்களில் யாரும் சிரிப்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அறுபது படத்தில் நாங்கள் தோளில் கைபோட்டு நிற்பது மூன்று, அதுவும் நயாகராவில். ஒரு படத்தில் நிறுத்தி, “மாலை போட்டுக்கொண்டு நிற்கும் இந்தப் பெரியவர் யார், அப்பாவா?” என்றார். தாய்மாமன் என்றேன். அம்மாவின் அண்ணன். அவருக்கு ஏன் மாலை? இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அம்மாவின் அண்ணன் எங்களில் முக்கியமானவர், அவர் இல்லாமல் எதுவும் தொடங்காது என்று என்னத்தையோ உளறினேன்.

கடைசியில் பேனாவை மூடிவிட்டு, “நீங்கள் இரண்டு பேரும் எதற்காகச் சண்டை போடுவீர்கள்?” என்று கேட்டார். இதற்கு நாங்கள் தயாராகவே இல்லை. அவள் யோசிக்காமல், “இவர் பாலைக் காய்ச்சுவார்” என்றாள். “கடையில் வாங்குகிற கேலன் பாலை. ஏற்கெனவே சுட வைத்துப் பதப்படுத்திய பால். அதைத் திரும்பக் காய்ச்சி, ஆற வைத்து, ஆடை எடுத்து, அப்புறம்தான் யாரையும் குடிக்க விடுவார். அடிக்கடி பொங்கிவிடும். அடுப்பைத் துடைப்பது நான்.” நான் என்னை அறியாமல், “காய்ச்சாத பாலை எப்படிக் குடிக்கிறது?” என்றேன். அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். நாலே கால் பவுண்டில் முக்கால்வாசியை அவர் தொடவே இல்லை.

எழுந்திருக்கும்போது சொன்னார்: இன்றைக்கு முடிவு சொல்ல முடியாது, சரிபார்க்க இன்னும் பாக்கி இருக்கிறது, தபாலில் வரும். பிறகு காலண்டரைப் பார்த்துவிட்டு, “மார்ச் 17 வந்தால் உங்களுக்கு இரண்டு வருஷம், இல்லையா?” என்றார். இன்னும் 19 நாள்.

விதி இதுதான். கார்டு கிடைக்கிற நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறைந்திருக்காவிட்டால், இரண்டு வருஷத்துக்கான நிபந்தனைக் கார்டுதான் தருவார்கள். அது முடிகிற கடைசி 90 நாளுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து நிபந்தனையை நீக்கக் கேட்டு ஐ-751 மனுப் போட வேண்டும், 750 டாலர், திரும்ப ஒரு நாலு பவுண்டு ஃபைல். இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் நேராகப் பத்து வருஷக் கார்டு. இங்கே மார்ச்சுதான் கணக்கு, ஆகஸ்ட் இல்லை. அன்றைக்கு ஆறு நிமிஷத்தில் பச்சை டையோடு முடிந்த கல்யாணத்துக்கு நான் பார்க்கிங்கில் நின்று நன்றி சொன்னேன்.

அந்த 19 நாளும் வேடிக்கைதான். ஊரில் அம்மா தினமும் செண்பகவல்லி அம்மன் கோயிலில் ‘சீக்கிரம் வரணும்’ என்று விளக்குப் போட, இங்கே நாங்கள் ‘கொஞ்சம் மெதுவா’ என்று வேண்டிக்கொண்டிருந்தோம். இரண்டு மனுவும் ஒரே நேரத்தில் போனால் அம்மன்தான் என்ன செய்வாள்? மார்ச் 16 ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் அவள், “ஓகே, இனி வரலாம்” என்று கூரையைப் பார்த்து அனுமதி கொடுத்தாள். மறுநாள் கேன்டீனில் போய்ப் புளியோதரை சாப்பிட்டோம். இந்தத் தடவை இரண்டு பொட்டலம் இருந்தது.

வரவில்லை.

காலையில் கண் விழித்ததும் போனில் கேஸ் எண்ணைத் தட்டிப் பார்ப்பது இப்போது பல் தேய்ப்பது மாதிரி. மூன்று எழுத்து, பத்து இலக்கம், எனக்கு மனப்பாடம். அவளுடைய போன் நம்பர் மனப்பாடம் இல்லை, அதை அதிகாரி கேட்காதது என் அதிர்ஷ்டம். மனு பரிசீலனையில் இருப்பதாக ஒரே வாசகம். ஏப்ரலில் ஒருநாள் தேதி மட்டும் மாறியது, வாசகம் மாறவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு மணி நேரம் தேடினேன். அர்த்தம் எதுவும் இல்லை என்பதை அவள் இரண்டு நிமிஷத்தில் சொன்னாள். தொகுதி காங்கிரஸ் உறுப்பினர், அதாவது நம்ம ஊர் எம்.பி. மாதிரியானவர், அலுவலகத்துக்கு எழுதினால் விசாரித்துச் சொல்வார்கள் என்று மாமா யோசனை சொன்னார். அதைப் போனில் கேட்ட அப்பா, “காங்கிரஸ்காரனுக்கா? நம்ம வீட்டுலேர்ந்தா?” என்றார். விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உண்மையில் எதுவும் நின்றுபோகவில்லை. வேலை அனுமதி அட்டை ஐந்து வருஷத்துக்கு இருக்கிறது, எச்-1பியும் உயிரோடு இருக்கிறது, சம்பளம் வருகிறது. தடங்கல் ஒரே இடத்தில்தான். தங்கச்சி மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. வைகாசியில் நாள் பார்த்திருந்தாள். பயண அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது, சட்டப்படி போய் வரலாம். ‘போகக் கூடாது என்றில்லை. ஆனால் முடிவு வருகிற சமயத்தில் ஏதாவது கூடுதல் தாள் கேட்டுக் கடிதம் வந்தால் நீங்கள் இங்கே இருப்பது நல்லது’ என்று வக்கீல் சொன்னார். வக்கீல்கள் ‘நல்லது’ என்று சொல்லும்போது அதற்கு ஒரு கனம் உண்டு. போகவில்லை. “பரவால்லண்ணே, பெரியப்பா மகன் மடில வச்சுக்கலாம்னு சொல்றாங்க. ஆனா நான் குத்தல. பாப்பாவுக்கு என்ன அவசரம்?” என்றாள் தங்கச்சி. அதிகாரியிடம் தாய்மாமனைப் பற்றி உளறியபோது எனக்கு வராத ஆங்கிலம் அப்போதுதான் வந்தது. யாருக்குச் சொல்வது?

இன்டர்வியூ முடிந்து இன்றைக்கு 83ஆவது நாள். நேற்று தங்கச்சி திரும்பக் கூப்பிட்டாள். ஆனியில் அவள் மாமியார் வீட்டில் ஏதோ விசேஷம், அப்புறம் ஆடி வந்துவிடும். “ஆவணில வச்சுக்கவாண்ணே? அதுக்குள்ள வந்துருமா?” என்றாள். வந்துரும், ஆவணி என்றே வைத்துக்கொள் என்றேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “நல்லதாப் போச்சு, நம்ம கல்யாண நாளும் அப்பத்தானே” என்றாள்.

“மார்ச்” என்றேன்.